வெள்ளை ரொட்டி

லியபாயாவில் டிராமுக்கு ஒரே ஒரு தடம்தான்.
கடைசி நிறுத்தத்துக்கு முந்தியதில் இறங்கினால்
விஸ்மாவின் ரொட்டிக்கடை.
பதினோரு வருடம் அங்கே
வெள்ளை ரொட்டி வாங்கினேன்.
வெள்ளை ரொட்டி எனக்குப் பிடிக்காது.

பிடித்தது மேல்தட்டில் இருக்கும்.
கறுப்பு, கனம், சோம்பு போல ஒரு வாசம்,
அடியில் தவிடு ஒட்டியிருக்கும்.
சல்ட்ஸ்காப்மைஸே.
எழுதிவிட்டேன், பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்.
வாயால் சொல்ல வேண்டுமென்றால்
அது ஸ-வில் தொடங்குகிறது.
என் பெயரும்.

ஸ வந்தால் என் நாக்கு
சேற்றில் இறங்கிய நங்கூரம்.
இழுக்க இழுக்க
கழுத்து நரம்பு புடைக்குமே தவிர
சொல் அசையாது.
ஒருமுறை பல் மருத்துவமனையில் பெயர் கேட்டார்கள்,
ஆல்விஸ் என்றேன்.
ஆல்விஸுக்கு அங்கே கோப்பு இல்லை.
சிக்வார்ட்ஸின் பல்வலியோடு வீடு திரும்பினேன்.

எனக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை.
நாற்பது மீட்டர் உயரம், கண்ணாடிக் கூண்டு.
கீழே இருப்பவர்கள் கையால் பேசுவார்கள்.
மேலே நான் திக்குவதே இல்லை.
கடற்காகங்களுக்கு அந்த ரொட்டியின் பெயரை
வேகமாக மூன்று தரம் சொல்லியிருக்கிறேன்.
அவை வாங்கவில்லை.

அந்த நவம்பரில் நடந்தது இவ்வளவுதான்:
ஸ்ஸ்ஸ் என்று நான் நின்றேன்,
விஸ்மா காத்திருந்தாள்,
எனக்குப் பின்னால் சரியாக நாலு பேர்,
அதில் ஒருவன் சிரித்தான்.
எடைமேடை கிவீடோ.
திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.
"வெள்ளை" என்றேன்.
அது பல்ட்-டில் தொடங்கும், உதட்டோடு போய்விடும்.
அப்புறம் எல்லா நாளும் வெள்ளை.

இந்த மார்ச்சில், தொழிலாளர் நீராவிக் குளியலில்,
கிவீடோ என் பக்கத்துப் பலகையில் இருந்தான்.
இரண்டு பேர் உடம்பிலும் துணியில்லை.
இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று
கேட்டுவிட்டேன்.
எங்கள் மொழியில் 'சிரித்தாய்' என்பதும் ஸ-தான்.
இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கல் சீறி அடங்குகிற நேரம் எடுத்தது.

அவன் யோசித்தான்.
"எந்த நவம்பர்? கொதிகலன் வெடித்த வருஷமா?
ரொட்டியா?
நீ அங்கே இருந்தாயா?"
சொல்லிவிட்டு இருமினான்,
புகையிலைக்காரனின் வறண்ட, விட்டுவிட்டு வருகிற இருமல்.
அந்தச் சத்தத்தை
நான் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான்.
முதலில் வந்தது கோபம்.
சிரிக்கக்கூட இல்லையாடா நீ?
என் அவமானத்தில்
உனக்கு ஒரு நிமிஷ வேலையும் இல்லையா?
யாரும் சிரிக்காத ஒரு சிரிப்புக்கா
இத்தனை நாள் ரொட்டி வாங்கிப் போட்டேன்?
அவன் வாளியை எட்டி எடுத்து
கல்லில் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

மறுநாள் வரிசையில் நின்றேன்.
இந்த முறை திரும்பிப் பார்த்தேன், அதே நாலு கணக்கு:
ஒருத்தி லாட்டரிச் சீட்டைச் சுரண்டிக்கொண்டு,
ஒருவர் வெளியே கட்டிய நாயோடு கண்ணாலேயே சண்டை,
ஒரு பையன் தொப்பிக்குள் தூங்கிக்கொண்டு,
நாலாமவர் சாவியைத் தேடி எல்லாப் பையிலும் கைவிட்டு.

ஸ்ஸ்ஸ்ஸ்.
ஸ்ஸ்.
விஸ்மா கண்ணைத் தாழ்த்தவில்லை.
சல்ட்ஸ்.
சல்ட்ஸ்காப்மைஸே.

"தீர்ந்துவிட்டது," என்றாள்.
"ஏழு மணிக்கே தீர்ந்துவிடும். வெள்ளை தரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.
கடைக்குள் நின்று நான் சிரித்த சிரிப்பில்
நாய்க்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்,
பிறகு நாயைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்று ஏழுக்கு முன்னாலேயே வந்திருக்கிறேன்.
மேல்தட்டில் இரண்டு மிச்சம்.
என் முறை. வாயைத் திறக்கிறேன், நங்கூரம் விழுகிறது,
பின்னால் யாரோ இருமுகிறார்கள்.
இருமட்டும்.